சைலன்சரைக் கழற்றினால் குதிரைத்திறன் கூடிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவின் பழைய மசில் கார்களை, அதாவது பெரிய என்ஜின் பூட்டிய வேகக் கார்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். இந்தக் கார்களைப் பற்றித் தமிழில் யாராவது எழுத மாட்டார்களா என்று ஏங்கியவன் நான். படங்களும் அருமை. ஆனால் கட்டுரையின் கடைசிப் பகுதியில், பழைய காருக்குப் புதிய புகைக்குழாய் மாட்டுவது பற்றி எழுதியிருக்கும் சில வரிகளைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. சைலன்சரைக் கழற்றிவிட்டு மூன்று அங்குலக் குழாயைப் போட்டால் 1967 பான்டியாக் ஜிடிஓ காரின் 335 குதிரைத்திறன் 400 ஆகிவிடும், சத்தம்தான் இந்தக் கார்களின் உயிர் என்ற பொருளில் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். இதை நம்பிக் காரியத்தில் இறங்கக்கூடியவர்கள் இங்கே டெட்ராய்ட் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

நான் டெட்ராய்ட்டுக்கு வடக்கே டிராய் நகரில் வசிக்கிறேன். கார் உதிரிபாக ஆலை ஒன்றின் ஓசை, அதிர்வுச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். புகைக்குழாயிலிருந்து வரும் ஓசையை அளப்பதும், அது எங்கே பிறக்கிறது என்று தேடுவதும்தான் எனக்குச் சோறு போட்ட தொழில். ஜிடிஓ பிறந்த பான்டியாக் நகரம் என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். 1964 மாடலாக டெம்பெஸ்ட் என்ற நடுத்தரக் காருக்குள் 389 கன அங்குல என்ஜினை இறக்கி, ஜான் டிலோரியனும் அவருடைய பொறியாளர்களும் உருவாக்கிய கார் அது. பான்டியாக் என்ற பெயரில் இன்று கார் வருவதில்லை; 2010-இல் அந்தப் பெயரையே நிறுத்திவிட்டார்கள். ஆகவே சாலையில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு ஜிடிஓவையும் யாராவது அறுத்துப் பாழாக்கினால் எனக்கு வலிக்கிறது.

முதலில் அந்த 335. அக்காலத்தில் குதிரைத்திறனை அளந்த முறை வேறு. என்ஜினைத் தனியே எடுத்து மேடையில் பூட்டி, காரில் இருக்கும் சைலன்சரும் வால்குழாயும் இல்லாமல், புகை தடையின்றி வெளியேறும்படி வைத்து அளந்தார்கள். துணைக் கருவிகள் பலவும் அப்போது என்ஜினில் பூட்டப்பட்டிருக்காது. 1972 மாடல்களிலிருந்துதான், காருக்குள் எப்படி ஓடுமோ அப்படியே எல்லாவற்றையும் பூட்டி அளந்த எண்ணை வெளியிடத் தொடங்கினார்கள். ஜிடிஓவின் 455 ஹெச்ஓ என்ற உயர்திறன் என்ஜின் 1971-இல் 335 என்றும் 1972-இல் 300 என்றும் குறிக்கப்பட்டது. என்ஜின் பலவீனமாகிவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. அளவுகோல் மாறியதன் விளைவு. அப்படியானால், சைலன்சரே இல்லாமல் அளந்த 335-லிருந்து சைலன்சரைக் கழற்றி 400-க்கு எப்படிப் போவது? நல்ல புகைக்குழாயைப் போட்டால், வழியில் இழந்த திறனில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். அது உண்மையான பலன்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் குழாயின் அளவும் வளைவும் இணைப்பும் சரியாக இருக்க வேண்டும். சத்தத்தைக் கூட்டினால் அது தானாக வந்துவிடாது.

மூன்று அங்குலக் குழாய் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரும் வெளியே தள்ளும் புகை, ஒரு விசையோடு குழாய்க்குள் பாய்கிறது. அது வேகமாக ஓடும்போது தனக்குப் பின்னால் சற்றே வெற்றிடத்தை விட்டுச் செல்கிறது. புகை வால்வு மூடுவதற்குள் காற்று வால்வு திறக்கும் அந்தச் சிறு நேரத்தில், இந்த வெற்றிடம் மிச்சப் புகையையும் இழுத்துக்கொண்டு போய், புதுக் கலவைக்கு இடம் கொடுக்கிறது. குழாய் தேவைக்கு மேல் அகலமானால் புகை வேகம் குறைந்து, சீக்கிரம் ஆறிப்போய், இந்த இழுப்பு கெட்டுவிடும். ஊதாங்குழல் ஒல்லியாக இருப்பதால்தான் அடுப்பு பற்றிக்கொள்கிறது. அகலமான குழாயை வைத்து ஊதினால் மூச்சுதான் வாங்கும். என்ஜினுக்கு எதிர் அழுத்தம் வேண்டும் என்று சிலர் சொல்வதும் தவறு. எதிர் அழுத்தம் எந்த என்ஜினுக்கும் நல்லதில்லை. வேண்டியது வேகம். சாலையில் ஓடும் 1967 ஜிடிஓவின் 400 கன அங்குல என்ஜினுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டரை அங்குலக் குழாய் இரண்டு தாராளமாகப் போதும். பந்தயத்திற்கென்று உள்பாகங்களை மாற்றிய என்ஜினின் கதை வேறு.

குழாயை வளைக்கும் விதமும் அளவைப் போலவே முக்கியம். சாதாரண பட்டறையில் குழாயை அழுத்தி வளைத்தால் வளைவில் அது நசுங்கும். இரண்டரை அங்குலம் என்று காசு கொடுத்து வாங்கிய குழாய், பின் அச்சுக்கு மேலே ஏறி இறங்கும் இடத்தில் இரண்டு அங்குலமாகக்கூடச் சுருங்கி நிற்கும். உள்ளே குண்டைச் செருகி வளைக்கும் முறையில் விட்டம் குறையாது. இந்த வேறுபாட்டைக் கட்டுரையில் ஒரு வரியில் சொல்லியிருந்தால் எத்தனையோ பேருக்கு உதவியிருக்கும்.

இனி, உயிர் என்று கட்டுரையாளர் சொன்ன அந்தச் சத்தம். எனக்கும் அது பிடிக்கும். வாழ்நாள் முழுவதும் கேட்டும் அலுக்கவில்லை. ஆனால் அது சைலன்சர் இல்லாததால் வருகிற சத்தம் இல்லை. பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர் கொண்ட பான்டியாக் வி-8 என்ஜினில் அவை வெடிக்கும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றை எண்கள் ஓட்டுநர் பக்கம், இரட்டை எண்கள் எதிர்ப்பக்கம். வரிசையை உற்றுப் பாருங்கள்: ஒரு பக்கத்தில் 5-ம் 7-ம் அடுத்தடுத்து வெடிக்கின்றன, மறுபக்கத்தில் 8-ம் 4-ம். ஆக ஓட்டுநர் பக்கக் குழாய்க்குள் புகை, கிராங்க் தண்டின் சுழற்சியில் 270, 180, 90, 180 டிகிரி என்று ஒழுங்கற்ற இடைவெளியில் வந்து விழுகிறது. நின்ற இடத்தில் ஓடும்போது நம் நெஞ்சில் வந்து தட்டும் அந்தத் தாளம் இந்த ஒழுங்கின்மையில்தான் பிறக்கிறது. நல்ல சைலன்சர் அந்தத் தாளத்தைக் கொல்வதில்லை; காதைக் கிழிக்கும் உச்சத்தை மட்டும் சீவிவிடுகிறது. இரண்டு குழாய்களையும் முன்பக்கத்தில் குறுக்குக் குழாயால் இணைத்தால் இரு பக்க அழுத்தமும் சமனாகி, கீழ் வேகத்தில் இழுவையும் சற்றுக் கூடும், ஓசையும் ஆழமாகும். இரண்டையும் எக்ஸ் வடிவில் சேர்த்தால் ஓசை சற்று மேலேறி வழவழப்பாகும். எது வேண்டும் என்பது அவரவர் விருப்பம். இரண்டும் இல்லாமல் விடுவதுதான் குறை.

இதைத் தயாரித்தவர்களும் அறிந்தே இருந்தார்கள். 1970 ஜிடிஓவில் டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு குமிழை விருப்பப் பொருத்தமாகக் கொடுத்தார்கள். அதை இழுத்தால் வெற்றிட விசையால் சைலன்சருக்குள் இருக்கும் தடுப்பு திறந்துகொள்ளும். உள்ளே தள்ளினால் மூடிக்கொள்ளும். அந்த ஜனவரியில் சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தின்போது தொலைக்காட்சியில் அதற்கு விளம்பரமும் வந்தது. பான்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் மேலிடம் உடனே அந்தக் குமிழை நிறுத்தச் சொல்லிவிட்டது. மிகச் சில கார்களில்தான் அது பொருத்தப்பட்டது. சத்தத்தை விற்பனைப் பொருளாக்கிய அந்த முயற்சியில்கூடச் சைலன்சரைத் தூக்கி எறியவில்லை என்பதைக் கட்டுரையாளர் கவனிக்க வேண்டும்.

இவ்வளவையும் நான் எழுதக் காரணம், நண்பர் ஒருவரின் மகன். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை; 1967 ஜிடிஓ ஒன்றை ஆசை ஆசையாய் வாங்கினான். நான்கு கியர், குவாட்ராஜெட் கார்புரேட்டர், பெரும்பாலும் அசல் நிலையில் இருந்த கார். புகைக்குழாய் துருப்பிடித்திருந்தது. ஒரு பட்டறையில் விட்டான். பட்டறையின் பெயர் வேண்டாம். சில வாரம் கழித்து அவன் அம்மா தொலைபேசியில் அழைத்தார். "அண்ணா, இந்தக் காரில் ஏறி இறங்கினாலே எனக்குத் தலை வலிக்கிறது. இவன் சத்தத்தால் வருகிற வலி என்கிறான். நீங்கள் ஒரு தடவை வந்து பாருங்களேன்" என்றார்.

போய்ப் பார்த்தேன். பட்டறைக்காரர்கள் கிட்டத்தட்டக் கட்டுரையாளர் சொன்னதையே செய்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு சிலிண்டரின் புகைக்கும் தனித்தனி நீளக் குழாய் வைத்த ஹெடர், மூன்று அங்குலக் குழாய், கண்ணாடி நார் அடைத்த குட்டைச் சைலன்சர், குறுக்கு இணைப்பு இல்லை. எல்லாவற்றையும்விட மோசம், குழாயைப் பின் அச்சுக்கு முன்னாலேயே கீழ்நோக்கி வளைத்து முடித்திருந்தார்கள். அச்சுக்கு மேல் வளைத்துக் கொண்டுபோவது கடினமான வேலை, அதைத் தவிர்த்துவிட்டார்கள். விளைவு, புகை முழுவதும் காரின் அடிவயிற்றில் பரவுகிறது. டிக்கியைத் திறந்து கம்பளத்தைத் தூக்கினேன். தரைத் தகட்டில் ரப்பர் மூடி இருக்க வேண்டிய துளைகள் வெறுமனே திறந்து கிடந்தன. ஒரு மூலையில் துரு அரித்து விரல் நுழையும் ஓட்டை. டிக்கி மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. வீட்டில் மாட்டும் கார்பன் மோனாக்சைடு எச்சரிப்புக் கருவியைப் பின் இருக்கையில் வைத்து, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு தெருவைச் சுற்றி வரச் சொன்னேன். திரும்பி வருவதற்குள் அது அலறத் தொடங்கிவிட்டது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலாக அதைப் பற்றிக்கொள்ளும். 1967 காரில், புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி கிடையாது. அது 1975 மாடல்களில்தான் பரவலாக வந்தது. ஆகவே பழைய காரின் புகையில் இந்த நச்சு இன்றைய கார்களைவிடப் பன்மடங்கு அதிகம். கார் ஓடும்போது அதன் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, புகையைத் திரும்ப உள்ளே இழுக்கும். அந்த அம்மாவின் தலைவலி சத்தத்தால் வந்த வலி இல்லை.

காரை முழுவதுமாக அடியில் படுத்துப் பார்த்தபோது இன்னும் பல தெரிந்தன. ஓட்டுநர் பக்க ஹெடரின் ஒரு குழாய் சட்டத்துக்குக் கீழே தொங்கி, வீட்டு வாசல் ஏற்றத்தில் உராய்ந்து தட்டையாகியிருந்தது. கிளட்ச் இணைப்புக் கம்பி அதே ஹெடரில் தேய்ந்து பளபளத்தது. 5, 7 சிலிண்டர்களின் பிளக் வயர் உறைகள் கருகிப் பொரிந்திருந்தன. வெளியே எடுத்த பிளக்குகள் வெளுத்துக் கிடந்தன. புகை சுலபமாக வெளியேறத் தொடங்கிய பிறகு கார்புரேட்டரை அதற்கேற்பத் திருத்தவில்லை, கலவையில் பெட்ரோல் குறைந்து வறண்டுவிட்டது. ஹெடருக்கு முன் அந்த இடத்தில் புகையைச் சேர்த்து வெளியேற்றிய அசல் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுகளைக் கேட்டான் பையன். எடைக்குப் போட்டுவிட்டோம் என்றார்களாம். அந்த வார்ப்பில் எண்ணும் தேதியும் பொறித்திருக்கும். அந்தக் காரோடு அதே ஆண்டு பிறந்த பாகம் என்பதற்குச் சாட்சி அது. காரை விற்கும் நாளில் அதன் மதிப்பு தெரியும். கழற்றிய எதையும் துடைத்து எண்ணெய் தடவிப் பரணில் வைத்துவிட வேண்டும். எந்தப் பட்டறையிலும் வேலை தொடங்குமுன் இதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹெடரே கூடாது என்று நான் சொல்லவில்லை. நன்றாகச் செய்த ஹெடர் உயர் வேகத்தில் உண்மையாகவே திறனைக் கூட்டும். ஆனால் சாலையில் ஓட்ட, குடும்பத்தை ஏற்றிச் செல்ல வைத்திருக்கும் ஜிடிஓவுக்கு, அக்கால உயர்திறன் மாடல்களின் நீளக் கிளை மேனிஃபோல்டைப் போலவே இன்று புதிதாக வார்த்துத் தருவதை வாங்கிப் போடுவது நல்லது. உராயாது, வயரைப் பொசுக்காது, ஹெடர் தரும் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். அவனுக்கும் அதைத்தான் போட்டோம். இரண்டரை அங்குலக் குழாய், முன்னால் குறுக்கு இணைப்பு, அறை வைத்த சைலன்சர், அச்சுக்கு மேலேறிப் பின் பம்பருக்கு அடியில் வெளியேறும் வால்குழாய்.

அந்த வேலையில் நான் மிகவும் வற்புறுத்திய ஒன்றை இங்கே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பல பட்டறைகளில் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். காரைச் சட்டத்தைப் பிடித்துத் தூக்கினால் பின் அச்சு தன் கனத்தில் கீழே தொங்கிவிடும். அந்த நிலையில் வால்குழாயை வைத்துப் பற்றவைத்தால் மேலே தாராளமாக இடம் இருப்பதுபோலத் தெரியும். காரைத் தரையில் இறக்கியதும் அச்சு சில அங்குலம் மேலே வரும். ஒரு பள்ளத்தில் இறங்கினால் இன்னும் மேலே வந்து குழாயில் மோதும். காரை அதன் நான்கு சக்கரங்களிலும் நிற்கவைத்துத் தூக்கும் மேடையில் ஏற்ற வேண்டும். அல்லது அச்சுக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். முதலில் ஒவ்வொரு மூட்டிலும் வெல்டிங் பொட்டு மட்டும் வைத்து, பின் இருக்கையில் இரண்டு கனமான ஆட்களை உட்கார வைத்து, அச்சுக்கும் குழாய்க்கும் நடுவே கை நுழைகிறதா என்று பார்த்த பிறகே முழுதாகப் பற்றவைக்க வேண்டும். இந்தக் காரில் பெட்ரோல் டேங்க் பின் அச்சுக்குப் பின்னால், டிக்கிக்கு அடியில் இருக்கிறது. வால்குழாய்கள் அதன் இரு பக்கமும் போகின்றன. அங்கே வெல்டிங் தீப்பொறி பறக்கக் கூடாது. குழாயைக் கழற்றி வெளியே கொண்டுவந்து பற்றவைக்க வேண்டும்; பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட வேண்டும்.

குழாய் சூட்டில் நீளும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். 304 வகைத் துருப்பிடிக்காத எஃகில் மூன்று மீட்டர் குழாய் 300 டிகிரி சூடேறினால் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் நீளும். போதாததற்கு, ஆக்சிலரேட்டரை மிதித்தால் என்ஜின் தன் தாங்கிகளில் ஒரு பக்கம் எழும்பி ஆடும். எல்லா இடத்திலும் இரும்புப் பட்டையால் இறுக்கிக் கட்டினால் எங்கேயோ ஓர் இடத்தில் விரிசல் விடும், கார் முழுவதும் அதிரும். ரப்பர் தொங்கட்டான்களில் ஆட விட வேண்டும்.

உலோகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அலுமினியம் பூசிய எஃகு மலிவு. கோடையில் மட்டும் எடுக்கிற காருக்கு அது போதும். 409 வகை எஃகு மேலே பழுப்பேறும், ஆனால் நெடுநாள் தாங்கும். 304 விலை அதிகம், பளபளப்பு நெடுநாள் நிற்கும். டெட்ராய்ட் நகரின் அடியில் ஆயிரம் அடிக்கும் கீழே உப்புச் சுரங்கம் ஓடுகிறது. குளிர்காலத்தில் எங்கள் சாலைகளில் கொட்டுகிற உப்புக்குக் குறைவே இல்லை. உப்பில் ஓட்டுகிறவர்கள் யோசித்து வாங்க வேண்டும்.

கடைசியாக வேலையை முடிக்கும் முன், குழாய்கள் ஒன்றுசேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் ஆக்சிஜன் சென்சர் திருகும் ஒரு சிறு வாயைப் பற்றவைத்துக்கொள்ளுங்கள். கலவை சரியா என்று கண்ணால் மதிப்பிடுவதைவிட அளந்து பார்ப்பது மேல். இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலில் பிளக்கின் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. அவனுடைய குவாட்ராஜெட்டில் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டுகளை அதை வைத்துத்தான் மாற்றினோம். பிறகு அதே எச்சரிப்புக் கருவியை அதே பின் இருக்கையில் வைத்து அதே தெருவைச் சுற்றினோம். டிக்கித் துளைகளையும் ஓட்டையையும் அடைத்திருந்தோம். கருவி வாய் திறக்கவில்லை. வுட்வர்ட் சாலையில் மணிக்கு 45 மைல் வேகத்தில், நான்காவது கியரில், அவன் அம்மாவும் அவனும் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டு வந்தார்கள். முந்தைய குழாயில் அந்த வேகத்தில்தான் கார் முழுவதும் ரீங்கரித்து மண்டையைக் குடையும்.

சட்டத்தையும் கட்டுரையில் தொடவில்லை. மிச்சிகன் மாநில மோட்டார் வாகனச் சட்டப்படி ஒழுங்காக இயங்கும் சைலன்சர் இருந்தே ஆக வேண்டும்; சைலன்சரைத் தாண்டிப் புகையை வெளியேற்றும் பக்கவழி வைப்பதும் கூடாது. கலிஃபோர்னியாவில் கார்களின் புகைக்குழாய் ஓசைக்கு 95 டெசிபல் வரம்பு உண்டு. எங்கள் மாநிலத்தில் ஆண்டுதோறும் வாகனச் சோதனை கிடையாது என்பதால் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். ஆனால் தெருவில் குழந்தை தூங்கும் வீடுகள் இருக்கின்றன, வயதானவர்கள் இருக்கிறார்கள். பழைய கார் பிரியர்கள்மீது அக்கம்பக்கத்தாருக்கு வெறுப்பு வந்தால், நாளைக்கு இந்தக் கார்களைத் தெருவில் எடுக்கவே விடாத விதிகள் வரும். அதனால் நட்டப்படப்போவது நாங்கள்தான்.

ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை, ஃபெர்ன்டேலிலிருந்து பான்டியாக் வரை வுட்வர்ட் அவென்யூவில் பழைய கார்களின் ஊர்வலம் 1995 முதல் நடந்து வருகிறது. அதற்கு முந்தைய வாரங்களில்தான் இங்குள்ள பட்டறைகளில் புகைக்குழாய் வேலை குவியும். ஆகவே ஜூலை முடிவதற்குள் அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் குறைவென்றால் நான் எழுதியதில் மற்றதை எல்லாம் வெட்டிவிடுங்கள். வால்குழாய் பின் பம்பரைத் தாண்டித்தான் முடிய வேண்டும், டிக்கித் தரையின் துளைகளை அடைக்க வேண்டும் என்ற இரண்டையும் மட்டும் தயவுசெய்து பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியாளர்,
டிராய், மிச்சிகன்